ஜோடி மாறாத செல்கள்

சார்ஜரிலிருந்து எடுத்த பேட்டரி செல்லை அத்தை முதலில் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பாள், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல. சூடு இருந்தால் ஆறும் வரை தொடமாட்டாள். நான் கல்லூரியில் படித்த காலம் முழுக்க மாலையில் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவள் அப்பாவின் அக்கா. சலவை நிலையத்தில் துணி பிரிக்கும் வேலை. அப்பா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனபின் கழுத்தில் வைத்து அழுத்தும் ஒரு கருவியில்தான் அவருக்குப் பேச்சு. அதற்கு இரண்டு செல்.

அதற்கு முன்பே இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றிருந்தது. காரணம் நான். பள்ளி முடித்ததும், "எங்கூட வேலைக்கு வரட்டும். படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறா?" என்றாள் அத்தை. "எம் பொண்ணு படிப்பா. இனி உங்கிட்ட பேச்சில்ல" என்றார் அப்பா. குரல் போன பிறகும் அந்த வீம்பு போகவில்லை.

ஆனாலும் அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே அத்தை ஒரு தகர டப்பாவோடு வந்துவிட்டாள். செல்லின் முனைகளை உலர்ந்த துணியால் துடைப்பாள். சார்ஜ் ஏறியதும் கழற்றிவிடுவாள். ஒரு ஜோடிக்குச் சிவப்பு நூல், இன்னொன்றுக்குப் பச்சை. மாற்றிப் போட விடமாட்டாள்.

"ஒண்ணா வந்து ஒண்ணா உழைக்குதுங்க. பிரிச்சா நோஞ்சானை இழுத்தே நல்லதும் படுத்துடும்."

"செல்லுக்குப் பொருத்தம் பாக்குறவங்க உலகத்துலயே உங்க அத்தைதான்" என்பாள் அம்மா.

துணை கெட்டுத் தனியாக நிற்கும் செல்லுக்கு அத்தை வைத்த பெயர் ஒண்டிக்கட்டை. அது சுவர்க் கடிகாரத்துக்குப் போகும். "என்னை மாதிரி" என்று அவளே சிரிப்பாள். அவள் ஏற்றிக்கொடுத்த சார்ஜில் அப்பா பால்காரரிடம்கூடப் பேசினார். அவளிடம் மட்டும் ஒரு சொல் இல்லை.

நான் தேறிய செய்தி வந்த அன்று தெருவே வந்து போனது. "எங்க வீட்டுல மொத பட்டம்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி அப்பா சிவப்பு ஜோடியைத் தீர்த்தார். பச்சையும் தீரும் நேரம் அத்தை உள்ளே வந்தாள். அப்பா அவளைப் பார்த்தார். கருவியைக் கழுத்தில் வைத்தார்.

"அக்கா, அந்த..."

அவ்வளவுதான். கருவி அடங்கிவிட்டது.

அத்தை நாற்காலியில் ஏறி எங்கள் கடிகாரத்திலிருந்த ஒண்டிக்கட்டையைப் பிடுங்கினாள். எதிர்க்கடைக்கு ஓடி, தையற்காரரின் கடிகாரத்திலிருந்தும் ஒன்றைப் பிடுங்கினாள். "ஏம்மா, எங்க கொண்டு போறீங்க?" என்று அவர் அளவு நாடாவோடு பின்னாலேயே வந்தார்.

"தரேன், தரேன். அவன் பேசட்டும்."

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு செல். அவள் கையாலேயே சேர்த்துப் போட்டாள்.

அப்பா பேசினார்: "அக்கா, அந்த ஜன்னலைச் சாத்து. வெயில் அடிக்குது."

அத்தை போய்ச் சாத்தினாள். கொக்கியை மாட்ட ரொம்ப நேரம் ஆயிற்று.

அந்தப் பட்டத்தோடு இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். அத்தை அன்று சொன்னது தப்பா என்று எனக்கே நிச்சயமில்லை. அப்பா மன்னிப்பும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அன்றிலிருந்து "கதவைத் திற", "காபி ஆறுது" என்று பேசிக்கொண்டார்கள். எனக்குத்தான் அது போதுமா என்று தோன்றும். அவளுக்குப் போதும் போலிருந்தது.

போன மாதம் சலவை நிலையக்காரர்கள் அவளை வெளியூர்க் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். டப்பா என் பொறுப்பு. அதன் அடியில் நூல் கட்டாத ஒரு செல் கிடக்கிறது. சார்ஜ் ஏற்றக்கூடாத, கடையில் வாங்கும் சாதாரணச் செல். தையற்காரருடையது.

"அத்தை என் செல்லை எப்பத் தருவாங்க?" என்று அவர் இன்றும் கேட்டார். புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன். அப்பா கருவியை எடுத்துக் கழுத்தில் வைத்தார்.

"நீ குடுக்காத. அது எங்க அக்கா கடன். நாம அடைச்சா அவ கோவிச்சுக்குவா, மறுபடி பேச்சு நின்னுடும்."