சபையை விட்டேன், வயிற்றெரிச்சல் விடவில்லை

மனநல ஆலோசகர் தொழிலில் வேலையை ஒழுங்காகச் செய்தால் ஆள் வருவது நின்றுவிடும். சுமாராகச் செய்தால் பேர் கெட்டுவிடும். என்னைப் போல அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டே பிழைக்கிற ஆலோசகர்களான உங்களுக்கு இது தெரிந்ததுதான். நான் நெய்வேலியில் பாஸ்டராக இருந்துவிட்டு இதற்கு வந்தவன். இந்தக் கதையில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்; என் பொறாமையை மாற்றவில்லை.

லாரி

செல்வியின் கணவர் முத்தாண்டிக்குப்பம் ரோட்டில் லாரி மோதி இறந்தார். பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த செல்வி பிழைத்துக்கொண்டார். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் அவர் தலையில் கை வைத்து ஜெபிப்பேன். ஒரு நாள் பாதி ஜெபத்தில் என் கையை விலக்கினார். அவர் சொன்னதுதான் என்னை மறுபடியும் படிக்க அனுப்பியது.

"பாஸ்டர், கண்ணை மூடச் சொல்றீங்க. மூடுனா அந்த லாரிதாங்க வருது."

ஸ்பீக்கர்

இப்படி அதிர்ச்சியில் மாட்டியவர்களுக்கான ஆலோசனையைப் படித்து முடித்தேன். சபையை ஜெயசீலன் என்ற இளைஞரிடம் ஒப்படைத்துவிட்டு, வீட்டு முன்னறையில் ஆலோசனைக்கு இரண்டு நாற்காலி போட்டேன். என் காலத்தில் பாதி பெஞ்ச் காலியாகக் கிடந்த சபைக்கு, அவர் வந்ததும் வெளியே பந்தல் போட வேண்டியதாயிற்று. அவருடைய ஸ்பீக்கர் எங்கள் பிளாக் வரைக்கும் கேட்கும். ஜன்னலைச் சாத்துவேன். 'ஆமென்' எவ்வளவு பலமாக வருகிறது என்று கேட்கத் திறப்பேன்.

தீ விபத்தில் மகளைப் பறிகொடுத்த குறிஞ்சிப்பாடிக்காரர் ஒருவர், என்னிடம் வருவதை நிறுத்திவிட்டு ஜெயசீலனுடைய உபவாச ஜெபத்துக்குப் போனார். வழியில் பார்த்துக் காரணம் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"அங்க அழுதா கூட நாலு பேரு அழுவுறாங்க சார். இங்க நான் மட்டும் அழுதுகினு இருக்கேன்."

சாட்சி

செல்வி மட்டும் என்னிடம் விடாமல் வந்தார். கண்ணைத் திறந்தபடி, பாதம் தரையில் பதிந்திருப்பதை உணர்ந்தபடி, நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லப் பழகினார். பல மாதம் கழித்து, பண்ருட்டி பஸ்ஸில் லாரி மோதிய அந்த இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பியும் வந்தார்.

அந்த ஞாயிறு, தனக்கு நடந்த நன்மையை எல்லோர் முன்னும் சாட்சியாகச் சொல்ல சபையில் எழுந்தார். கடைசி வரிசையில் நான் சட்டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன். கர்த்தருக்கு நன்றி, பாஸ்டர் ஜெயசீலனுக்கு நன்றி, துணைக்கு வந்த நாத்தனாருக்கு நன்றி. பஸ் கண்டக்டருக்குக்கூட நன்றி. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த முறை வந்தபோது அவராகவே சொன்னார்.

"உங்க பேரைச் சொன்னா எனக்குப் பைத்தியம்னு பேசுவாங்க சார். கர்த்தர் பேரைச் சொன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

பின்வாசல்

ஒரு மத்தியானம் ஜெயசீலன் பின்வாசல் வழியாக வந்தார். பந்தலைப் பெரிதாக்குவதைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உட்கார்ந்ததும் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்தார். குளிக்கப் போய் மூழ்கி இறந்துவிட்ட சபைப் பெண்ணை அவர்தான் தண்ணீரிலிருந்து தூக்கியிருக்கிறார். அதிலிருந்து ஞானஸ்நானம் கொடுக்கத் தொட்டித் தண்ணீரில் இறங்கினால் அவருக்கு மூச்சு அடைக்கிறது. முதலில் என் வயிற்றெரிச்சல் கொஞ்சம் குளிர்ந்தது. பிறகு அந்தப் பெண்ணைத் தூக்கிய கையைப் பார்த்தேன். நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தேன். வெகுநேரம் பேசினார். கிளம்பும்போது வாசலில் நின்று தயங்கினார்.

"அண்ணே, சபைக்காரங்க யாராவது கேட்டா, உங்களுக்கு ஜெபம் பண்ண வந்தேன்னு சொல்லிடுங்க."

ஊர்க் காயத்தையெல்லாம் ரகசியமாக ஆற்றிவிட்டு, ஒருத்தராவது மைக்கில் நம் பெயரைச் சொல்ல மாட்டாரா என்று ஏங்கிக் கிடப்பதுதான் ஐயா இந்தப் பிழைப்பு.