புது வீட்டுச் சுவரில் பச்சை

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு திரை இருக்கிறது. அதை இப்போது நான் ஏறிட்டும் பார்ப்பதில்லை. முற்றத்து விளக்கு எரிகிறதா, தண்ணீர்த் தொட்டி நிறைந்ததா, வாசல் கேமரா ஓடுகிறதா என்று எல்லாவற்றையும் காட்டும். வளைகுடாவில் பல வருடம் மின்வேலை பார்த்துத் திரும்பிய என் வீட்டுக்காரர், கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய குன்னத்துகாலில் நாங்கள் கட்டிய வீட்டில் தன் கையாலேயே அதைப் பொருத்தினார். கெட்டிக்காரர்தான். அந்தக் கெட்டிக்காரத்தனம் யாருக்காக என்பதில்தான் கோளாறு.

அந்தத் திரையில் எனக்கு வேண்டியது ஒரே ஒரு மூலை. வீட்டிலுள்ள ஃபோன், லேப்டாப் ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு கட்டம். வீட்டு வைஃபை கிடைக்கும் இடத்தில் சார்ஜில் போட்டால் அதிலுள்ளவை அலமாரியில் இருக்கும் ஹார்டு டிஸ்கில் தானாக நகலாகும். ஒரு வாரமாக நகல் ஆகவில்லை என்றால் கட்டம் சிவக்கும், ஆகியிருந்தால் பச்சை. இதை அவரிடம் கேட்டு வாங்கியது நான்தான், என் மகளுக்காக.

அவள் பிறவியிலேயே காது கேளாதவள். அறுவை செய்து காதுக்குள் கருவி வைத்தார்கள். வெளியே, தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்ன வட்டம்; அதை எடுத்துவிட்டால் அவளுக்கு ஒன்றும் கேட்காது. அவள் எழுப்பும் ஒவ்வொரு ஒலியையும் வீட்டில் வீடியோப் படம் எடுத்து வைக்கச் சொன்னார் பேச்சுப் பயிற்சி தரும் டீச்சர். எது எப்போது வந்தது, எது வந்துவிட்டுப் போனது என்று பார்த்துத்தான் கருவியைச் சரிசெய்ய வேண்டுமாம். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம்; பிள்ளை எதை முதலில் பிடிப்பாள் என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். நான் ஒரு நாள் விடாமல் எடுத்தேன்.

புது வீடு புகும் பால்காய்ப்பு அன்று காலையில் இரண்டு கட்டம் சிவந்து கிடந்தது. வேலை மும்முரத்தில் அந்த வாரம் யாரும் இங்கே வைத்து ஃபோனைச் சார்ஜில் போடவில்லை, வெளியில்தான் போட்டோம்; அவ்வளவுதான். என் வீட்டுக்காரரின் அக்கா பாயசக் கிளாஸோடு திரை முன்னால் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"எலே, புத்தம்புது வீட்டுல இப்பமே கேடாயாச்சா? சொவப்பா எரியுது."

"கேடொண்ணும் இல்ல அக்கா. அது சும்மா ஆக்கும்."

தம்பிக்காரர் அப்படிச் சொன்னாரே தவிர, முகம் செத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் புது வீட்டில் குழாய் சொட்டினால் அடியில் ஒரு பாத்திரத்தை வைத்து மறைப்போம். பிளம்பரைக் கூப்பிட்டால் ஊருக்குத் தெரிந்துவிடுமே. அவர் அறைக்குள் போய் எதையோ தட்டிவிட்டு வந்தார். எல்லாம் பச்சை. நகல் எடுத்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் செய்தது வேறு என்று பிறகுதான் தெரிந்தது: ஒரு வாரம் என்று இருந்த கெடுவை ஆயிரம் நாள் என்று மாற்றியிருந்தார்.

வந்த பிள்ளைகளெல்லாம் வைஃபையை வாங்கிக்கொண்டதால், கூட்டம் கலைந்ததும் அதன் பேரையும் பாஸ்வேர்டையும் மாற்றினார். என் ஃபோனில் நகலெடுக்கும் ஆப் பழைய பேர் இருந்தால்தான் வேலை செய்யும். அது அன்றோடு நின்றது. சுவர் பச்சையாகவே இருந்தது.

மறுநாளே அவர் கெடுவைப் பழையபடி மாற்றியிருக்கலாம். ஆனால் பால்காய்ப்புக்கு வராதவர்கள் பிறகு வீடு காண வருவது எங்கள் ஊர் வழக்கம். ஒரு ஞாயிறு ஆரியங்கோட்டிலிருந்து, அடுத்த ஞாயிறு எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தோடு வந்து, கக்கூஸ் கதவு வரைக்கும் தட்டிப் பார்ப்பார்கள். மாதக்கணக்கில் வந்தார்கள். ஒவ்வொருவரையும் திரை முன் நிறுத்தி, "எல்லாம் பச்ச, பாத்தியளா?" என்பார் இவர்.

அந்த மாதங்களில்தான் என் மகள் பேசத் தொடங்கினாள். பக்கத்து வீட்டுக் கோழி மதில்மேல் நின்றது. கையை நீட்டி, மூக்கால் பாதியும் வாயால் பாதியுமாக "வா" என்றாள். இரண்டு மொழிக்கும் பொதுவான சொல், அதனால் வீட்டில் சண்டைக்கு வழியில்லை. கோழி வரவில்லை. நான் அழுதுகொண்டே எடுத்ததில் படம் முழுக்க ஆடியது. அதன் பிறகு வந்த சொற்களையும் அந்த ஃபோனில்தான் எடுத்தேன்.

பனச்சமூட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஃபோன் கை நழுவி விழுந்தது. பின்சக்கரம் அதன்மேல் ஏறிப் போனது. நொறுங்கியதைப் பொறுக்கித் தந்த பெண்ணிடம், "சாரமில்ல, போனாப் போட்டு, எல்லாம் வீட்டுல உண்டு" என்று சிரித்தேன். வீட்டில் ஹார்டு டிஸ்கைத் திறந்தால், கடைசியாக இருந்தது பால்காய்ப்புக்கு முந்தின வாரப் படம். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

வீட்டுக்காரரிடம் கேட்டபோது, கெடுவை மாற்றியதை ஒளிக்காமல் சொன்னார். "வாறவங்க முன்னால நாறக் கூடாதுல்லா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த மனிதர் பாயசம் குடித்துவிட்டுப் போகிற வாய்களுக்குப் பயந்து, பெற்ற பிள்ளையின் குரலைத் தொலைத்தார். கோபம் என்றால் இரண்டு நாளில் ஆறியிருக்கும். எனக்கு வந்தது அருவருப்பு. அவர் குடித்து வைத்த டம்ளரைக் கழுவக்கூடக் கை போகவில்லை.

அடுத்த ஞாயிறு புது ஃபோன் வாங்கி வந்தார். பிள்ளையை முற்றத்தில் நிறுத்தி, கேமராவை நீட்டினார்.

"மக்கா, கோழியப் பாத்து வா சொல்லு."

"கோழி, இங்க வா," என்றாள் அவள். தெளிவாகச் சொன்னாள்.

"இப்பிடி நல்லா சொல்லாத மக்கா. அன்னைக்குச் சொன்னது போல, தெத்தா, கொளறிச் சொல்லு."

"என்ன செய்யுதிய?" என்று கேட்டேன்.

"ஒண்ணு எடுத்து வைப்போம். தேதிய நான் மாத்திப் போடுவேன். டீச்சருக்குத் தெரியாது."

பிள்ளைக்கு விளங்கவில்லை. தான் சொன்னதில்தான் ஏதோ பிழை என்று நினைத்துவிட்டாள். உதட்டை நன்றாகக் குவித்து, முன்னைவிடக் கவனமாக, "இங்க வா" என்றாள். இல்லை என்று தலையாட்டினார். இன்னொரு தடவை சொன்னாள், இன்னும் சுத்தமாக. அதற்கும் தலையாட்டினார்.

அவள் தலையிலிருந்த வட்டத்தைக் கழற்றி என் கையில் தந்தாள். அவர் ஃபோனுக்குப் பின்னாலிருந்து சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். நான் அதைத் திரும்ப ஒட்டவில்லை.