மாதாவுக்கு நேர்ந்த ரோஜாச்செடிகள்

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனால் சேவுகம்பட்டிப் பூக்காட்டில் கூலிக்குப் பூப்பறித்து, பிறகு பூ வியாபாரம் பார்த்து, திண்டுக்கல்லில் மாடி வீடு கட்டியவன். ரோஜாச்செடியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதை ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் என் மனைவி.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் மகளுக்குத் தலைப்பிரசவம் சிக்கலானது. தாயும் பிள்ளையும் பிழைத்தால், தன் கையால் வளர்த்த ரோஜாவை மாதா திருநாள் சப்பரத்துக்குக் கொடுப்பதாக என் மனைவி நேர்ந்துகொண்டாள். இருவரும் பிழைத்தார்கள். உடனே வாசலில் வரிசையாகப் பன்னீர் ரோஜா வைத்தாள். ஆடி பிறக்கும் வரை பூத்துத் தள்ளியது. அப்புறம் பூவெல்லாம் செடியிலேயே கருகிக் காய் பிடித்துவிட்டது. புது மொட்டு ஒன்றுகூட இல்லை. திருநாளோ செப்டம்பரில்.

கத்திரியோடு போனேன். குறுக்கே வந்து நின்றாள்.

“ஏங்க, நேந்துவிட்ட செடி. அதுல கத்திரி வைக்காதீக.”

“காஞ்ச பூவத்தான வெட்டுறேன்?”

“காஞ்சாலும் அது மாதாவோடது.”

“அப்ப இந்தக் காயத்தான் கொண்டுபோய்க் குடுக்கப் போறியா? மாதா என்ன ஊறுகாயா போடுவாக?”

“வாயக் கழுவுங்க!”

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டாள். நேர்ந்தது தவறினால் பேரப்பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். சரி, வேறு விதமாகப் பேசுவோம் என்று நினைத்தேன். பேச்சில் என்னை அடிக்க ஆள் கிடையாது.

“இந்தா பாரு புள்ள. நம்ம மூத்த மகனையும் நேந்துதான வேளாங்கண்ணியில மொட்டை போட்டோம்? அதுக்கப்புறம் முடி எம்புட்டு அடர்த்தியா வந்துச்சு! செடிக்கும் மாதா பேரச் சொல்லி மொட்டை போடுவோம்.”

உள்ளே போய் முக்காடு போட்டுக்கொண்டு வந்து, செபம் சொல்லி, கத்திரியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பூவுக்குக் கீழே இறங்கி, ஐந்து இலை சேர்ந்திருக்கும் கணுவுக்குச் சற்று மேலே வெட்டச் சொன்னேன். வெட்டினாள். காய்க்குப் போகிற சத்து இனி மொட்டுக்குத் திரும்பும் என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. வெறும் குச்சிகளைப் பார்த்துப் பார்த்து, என்னோடு முகங்கொடுத்துப் பேசுவதையே நிறுத்திவிட்டாள். பிறகு கணுவுக்குக் கணு சிவப்பாகத் துளிர் வந்தது. திருநாளன்று கூடை கொள்ளவில்லை.

கோயில் வாசலில் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்: “என்னக்கா உரம் போட்டீக?”

“உரமெல்லாம் ஒண்ணுமில்ல. மாதா குடுத்தாக.”

“எங்க வெட்டணும்னு சொன்னது யாரு?” என்றேன் பின்னாலிருந்து.

“அதையும் அவுகதான் ஒங்க வாயில சொல்ல வச்சாக. இந்தக் கூடையப் பிடிங்க.”

பிடித்தேன்.