சாய்யுன் மாற்றிய இரண்டு வரிகள்

தைவானின் தைனான் நகரத்து மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் சாய்யுன் தட்டச்சு செய்யும் எடிட்டர் மென்பொருளில் எழுத ஒரு நிலை, கட்டளையிட வேறொரு நிலை. எழுதிவிட்டு எஸ்கேப் விசையைத் தட்டினால், கட்டளைக்காக விசைப்பலகையில் சீனம் போய் ஆங்கிலம் வந்துவிடும். திரும்ப எழுத வந்தால் மட்டும் சீனம் வராது. ஒவ்வொரு தடவையும் கையால் மாற்ற வேண்டியிருந்தது.

"அக்கா, பேசாம எங்கள மாதிரி வேற எடிட்டருக்கு வந்துருங்க," என்றான் பக்கத்து இருக்கை ச்சீமிங்.

"நீ உன் டீயக் குடி."

அவள் எடிட்டரின் அமைப்புக் கோப்பைத் திறந்து வரிவரியாகப் படித்தாள். எடிட்டர் முதலில் ஆங்கிலத்துக்கு மாறியது. அதற்குப் பிறகுதான், திரும்ப எந்த மொழிக்கு வர வேண்டும் என்று குறித்துக்கொண்டது. அதனால் எப்போதும் ஆங்கிலம் என்றே குறித்தது. அந்த இரண்டையும் செய்யும் வரிகளை முன்பின்னாக மாற்றினாள். எஸ்கேப்பைத் தட்டினாள், ஆங்கிலம். எழுத வந்தாள், சீனம்.

"ச்சீமிங், இங்க வந்து பாரு," என்று அலுவலகமே திரும்பும்படி கூப்பிட்டாள்.

மதியம் பால்மீன் கஞ்சியை நின்றுகொண்டே குடித்தாள். சந்தோஷத்தில் உட்கார முடியவில்லை.