விளக்கணைத்த ஐந்து நிமிடம்

இது கதை இல்லை. கதை கட்ட எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது மைக் செட் தொழில் ஒன்றுதான். இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் பேசுவதைப் பெரிதாக்கிக் கொடுத்தே சோறு தின்கிறேன். வயர் லூஸானால் என்ன சத்தம் வரும், மைக்கில் தண்ணீர் இறங்கினால் என்ன சத்தம் வரும், எர்த் சரியில்லை என்றால் என்ன சத்தம் வரும்... எல்லாம் எனக்கு அத்துப்படி. அதனால், ‘ஸ்பீக்கர் கரகரத்ததைப் போய்ப் பேய் என்கிறான்’ என்று சொல்ல நினைப்பவர்கள் தயவுசெய்து என் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டாம். எனக்குக் கோபம் வரும். 2024 டிசம்பர் 31 அன்று நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

என் பெயர் ஞானதுரை. தென்காசியிலிருந்து அச்சன்புதூர் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் ஊர். அறுபது வீட்டுக் கிறிஸ்தவர்கள். தேவாலயத்தை நாங்கள் கோயில் என்போம், பாதிரியாரை ஐயர் என்போம். அந்தக் கோயிலுக்கு மைக், லைட் எல்லாம் என் கையில்தான்.

நடந்ததைச் சொல்வதற்கு முன் நான் செய்த பாவத்தைச் சொல்ல வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

காமராஜ் என்று எனக்கு ஒரு கூட்டாளி. குற்றாலம் மெயின் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலை. அவன் கட்டைவிரல் பட்டால் போதும், கழுத்துப் பிடிப்பெல்லாம் ஓடிவிடும். ஒரு காலத்தில் மொடாக்குடியன். பிறகு ஒரு நாள் ஆராதனையில் எழுந்து நின்று, “இனி தொட மாட்டேன்” என்று எல்லோர் முன்னாலும் அழுதுகொண்டே சாட்சி சொன்னான். அதற்குப் பிறகு ஐந்து வருஷம் தொடவில்லை. அவன் மனைவி தங்கபுஷ்பத்துக்கு அதில் இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

2021 டிசம்பர் 23. சாயங்காலம் 6.40. தூறல். கிறிஸ்மஸ் நட்சத்திரத்தைக் கோபுரத்தில் கட்ட எனக்கு உதவியாகக் காமராஜ் ஏணியில் ஏறினான். நான் கீழே நின்று ஒரு கல்யாண வீட்டுக்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். பாதி ஏணியில் நின்று அவன் கேட்டான்.

“லைன ஆஃப் பண்ணிட்டியாலே?”

“பண்ணியாச்சு, ஏறுலே” என்றேன்.

பண்ணவில்லை. போன் மும்முரத்தில் மறந்துவிட்டேன். வயரில் ஒட்டுப் போட்ட இடத்தில் டேப்பும் சுற்றவில்லை. அவன் கை அங்கேதான் பட்டது. கீழே விழுந்தபோது உயிர் இல்லை.

இதுவரை நடந்தது மறதி. இதற்கு மேல் நான் செய்ததுதான் பாவம். பக்கத்தில் யாருமில்லை. ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தேன். என் பையில் எனக்கென்று வைத்திருந்த குவார்ட்டர் பாட்டில் இருந்தது. அதில் பாதியை அவன் சட்டையில் ஊற்றினேன். பிறகுதான் கத்தினேன். ஆட்கள் ஓடி வந்ததும், “குடிச்சிட்டு வந்து ஏறுனான், வேண்டாம்னேன், கேக்கல” என்றேன். பழைய குடிகாரன்தானே, எல்லோரும் நம்பிவிட்டார்கள். போலீஸ் வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம் என்று பெரியவர்கள் பேசி, மறுநாள் காலையிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

கல்லறையில் வைத்துத் தங்கபுஷ்பம் என்னிடம் கேட்டாள். “அண்ணாச்சி, நெசமாவே குடிச்சிருந்தாவளா?”

“ஆமா தாயி” என்றேன்.

அவளுக்குப் புருஷன் செத்தது ஒரு துக்கம். அதைவிடப் பெரிய துக்கம் ஒன்று இருந்தது. ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கை மீறி, குடித்த வாயோடு செத்துப் போனானே, அவன் ஆத்துமா எங்கே போயிருக்கும்... அந்தக் கேள்வி அவளைத் தின்றது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்தின் கடைசி ராத்திரி ஆராதனையில், 11.55க்கு எல்லா விளக்கையும் அணைத்துவிடுவோம். மைக்கும் கிடையாது. ஐந்து நிமிஷம் இருட்டில் முழங்கால் போட்டு, அவரவர் செய்த பாவத்தை அவரவர் ஆண்டவரிடம் அறிக்கையிட வேண்டும். பன்னிரண்டுக்குக் கோயில்குட்டி, அதாவது கோயில் பணியாள், மாசிலாமணி மணி அடிப்பார். நான் விளக்கைப் போடுவேன்.

காமராஜ் செத்த அந்த வருஷம், அணைத்து வைத்திருந்த ஸ்பீக்கர் இருட்டில் ஒரு தரம் ‘க்ர்ர்’ என்றது. அடுத்த வருஷம் யாரோ மைக்கை விரலால் தட்டுகிற மாதிரி... டொக், டொக். அதற்கடுத்த வருஷம் ஒரு மூச்சுச் சத்தம். மூன்று தடவையும் வயரைக் குறை சொல்லிப் புது வயர் மாற்றினேன். எனக்கு அவ்வளவு நெஞ்சழுத்தம்.

2024. டிசம்பர் 31. ராத்திரி 10.40.

கோயிலுக்குப் பக்கவாட்டில் சின்ன அறை. அதில் ஆம்ப்ளிஃபையர், சுவிட்ச் போர்டு, ஒரு ஸ்டூல். தங்கபுஷ்பம் வாசலில் வந்து நின்றாள். மூன்று வருஷத்தில் ஆளே பாதியாகிவிட்டாள்.

“அண்ணாச்சி, இன்னொரு தரம் கேக்கேன். கோவப்படாதீய. அன்னைக்கு அவுக நெசமாவே குடிச்சிருந்தாவளா?”

“ஒனக்கு எத்தன வாட்டி சொல்ல? ஆமா.”

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவள் மேல் இல்லை. என் மேல்தான்.

11.20. ஐயர் பிரசங்கம். “ஆண்டவர் உன்னை இன்னும் தண்டிக்கவில்லையா? மறந்துவிட்டார் என்று நினைக்காதே. பொறுத்திருக்கிறார். நீ திரும்பி வருவாய் என்று வருஷா வருஷம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பொறுமையைச் சோதிக்காதே.”

யாரோ என் விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. வால்யூமைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன்.

11.38. அறைக்குள் ஒரு வாசனை. எண்ணெய் வாசனை. குற்றாலத்தில் தேய்ப்பார்களே, அந்த மூலிகை எண்ணெய். ஸ்டூலுக்கு அடியில் பார்த்தேன், ஜன்னலில் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

11.46. தரையில் ஈரம். வாசலில் இருந்து என் ஸ்டூல் வரைக்கும் ஈரக் காலடிகள். வெறுங்கால். வெளியே மழை இல்லை. உள்ளே வந்த காலடி இருந்தது... திரும்பிப் போனது இல்லை.

11.55. மாசிலாமணி ஒரு தரம் மணி அடித்தார். நான் மைக்கை அணைத்தேன். ஆம்ப்ளிஃபையரை அணைத்தேன். விளக்குகளை அணைத்தேன்.

இருட்டு.

இருநூறு பேர் முழங்கால் போடுகிற சத்தம். பிறகு அதுவும் அடங்கியது.

11.56. எண்ணெய் வாசனை கூடியது.

11.57. ஆம்ப்ளிஃபையரின் சிவப்பு விளக்கு தானாக எரிந்தது.

நான் சுவிட்சைத் தடவிப் பார்த்தேன். ஆஃப்.

க்ர்ர்...

டொக். டொக்.

மூச்சு.

மூன்று வருஷத்துச் சத்தமும் வரிசையாக வந்தது. பிறகு, ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் இருந்த சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் இருந்து, மெதுவாக...

“லே... ஞானதொர...”

ஸ்டூலைப் பின்னால் இழுத்தேன்.

“லைன ஆஃப் பண்ணிட்டியாலே?”

என் கழுத்தில் ஒரு கை விழுந்தது. பின்னால் இருந்து. ஈரமான கை. எண்ணெய் வழுவழுப்பு. இரண்டு கட்டைவிரலும் பிடரியில் சரியாக அந்த இடத்தில் பதிந்தன. எத்தனையோ தடவை எனக்குப் பிடித்துவிட்ட விரல்கள்.

அழுத்தின.

“பண்ணிட்டியாலே?”

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் என் வாய் ‘பண்ணியாச்சு’ என்று சொல்லத்தான் போனது. அப்படிப் பழகிவிட்டது.

விரல்கள் இன்னும் அழுத்தின.

எனக்கு மூச்சு நின்றது.

11.59.

“இல்ல...” என்றேன். “ஆஃப் பண்ணல. நீ குடிக்கவும் இல்ல. நான்தாம்லே... நான்தான் எல்லாம்...”

கை விலகியது.

சிவப்பு விளக்கு அணைந்தது.

12.00. மணி அடித்தது. விளக்குகளைப் போட்டேன். அறையில் யாரும் இல்லை. தரையில் ஈரமும் இல்லை. என் சட்டைக் காலரில் மட்டும் எண்ணெய்.

கோயிலுக்குள் ஒரே சந்தோஷம். கை கொடுக்கிறார்கள், கட்டிப் பிடிக்கிறார்கள். நான் சொன்னது ஒருவருக்கும் கேட்கவில்லை. அப்போது என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? ‘ஆண்டவரிடம் சொல்லியாச்சு. அவனிடமும் சொல்லியாச்சு. அது போதும். வயரைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போ.’ நானும் வயரைச் சுருட்டத்தான் ஆரம்பித்தேன்.

அப்போது கடைசி வரிசை கண்ணில் பட்டது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். தங்கபுஷ்பம் மட்டும் இன்னும் முழங்காலில் இருந்தாள். வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. யாருக்காகக் கெஞ்சுகிறாள் என்று எனக்குத் தெரியும். பயத்தைவிட அதுதான் என்னைக் கொன்றது.

வயரைக் கீழே போட்டுவிட்டுப் போய் மைக்கைப் பிடித்தேன். மணி 12.04.

“எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. காமராஜ் குடிக்கல. சுவிட்ச ஆஃப் பண்ணாதது நான். அவன் சட்டையில பிராந்திய ஊத்துனதும் நான். மூணு வருசமா பொய் சொன்னேன். அவன் கொடுத்த வாக்க மீறாமத்தான் செத்தான்.”

தங்கபுஷ்பம் எழுந்து தடுமாறித் தடுமாறி வந்தாள்.

“ஒரு சொட்டு கூடவா குடிக்கல?”

“இல்ல தாயி.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். “அய்யோ... மூணு வருசமா அவுக படத்த சொவரப் பாக்கத் திருப்பி வச்சிருக்கேனே! ஒரு வார்த்த பேசலியே!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் கொழுந்தன் வந்து என் சட்டையைப் பிடித்தான். கன்னத்தில் இரண்டு விழுந்தது. வாங்கிக்கொண்டேன். விடிந்ததும் போலீஸ் ஸ்டேஷனுக்கு நானே போகிறேன் என்று ஐயரிடம் சொன்னேன். ராத்திரி முழுக்க அழுதாலும், மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் நெஞ்சு லேசாக இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் நானே அதை மனப்பிராந்தி என்று ஒதுக்கியிருப்பேன்.

ஜனவரி 1. காலை 6.30. மாசிலாமணி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கால் முட்டி வரைக்கும் மண். ஊரில் சாவு விழுந்தால் குழி வெட்டுவதும் அவர்தான்.

“குழிய மூடிட்டேம்ய்யா” என்றார்.

“எந்தக் குழி?”

“நேத்து நீரு வெட்டச் சொன்ன குழிதான்.”

“நான் எப்ப சொன்னேன்?”

அவர் போனை எடுத்துக் காட்டினார். டிசம்பர் 31, மாலை 5.10. என் பெயர். என் நம்பர். என் போனை எடுத்துப் பார்த்தேன். அப்படி ஒரு கால் போகவே இல்லை.

“காமராஜ் கல்லறைக்குப் பக்கத்துல ஒரு குழி வேணும், நாளைக்கு அடக்கம்னு சொன்னீரு. ஒங்கப்பா படுக்கையில கெடக்காவளே, அவுகளுக்குத்தான் போலன்னு நெனச்சேன். எப்பிடிக் கேக்க? நீளம் ஆறே கால் அடி இருக்கணும்னீரு. ஒங்கப்பா அவ்வளவு ஒசரம் இல்லியேன்னு மட்டும் தோணிச்சு.”

எங்கள் வீட்டில் ஆறடிக்கு மேல் இருப்பது நான் ஒருவன்தான்.

“நான் பேசல மாசிலாமணி. கொரல் என்னோடதா?”

“ஒம்மது மாதிரியும் இருந்துச்சு, இல்லாத மாதிரியும் இருந்துச்சு. பின்னால ஒரே எரச்சல். அருவி விழுத சத்தம் மாதிரி.”

கதவைப் பிடித்துக்கொண்டேன்.

“செரி... மூடச் சொன்னது யாரு?”

அவர் போனைத் தள்ளிக் காட்டினார். மறுபடியும் என் நம்பர். ஜனவரி 1, ராத்திரி 12.07. அந்த நேரத்தில் நான் கோயிலுக்குள் அடி வாங்கிக்கொண்டிருந்தேன். என் போன் பக்கத்து அறையில், பைக்குள் கிடந்தது.

“நான் மணிக்கூண்டுக்குக் கீழ நின்னேன். மைக்குல நீரு பேசி முடிச்ச ஒடன போன் வந்துச்சு. அதே எரச்சல்.”

“என்ன சொல்லிச்சு?”

மாசிலாமணி போனைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

“‘குழிய மூடிரும். இந்த வருசம் வேண்டாம்’னு.”