கைதட்டு வாங்கியவள்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘பிரேக்கு’. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெட்டும் இயந்திரம் ஒரு மாதிரியாகச் சத்தம் போடுகிறதே என்று சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டாள். மொத்த வேலையும் நின்றது. மெக்கானிக் வந்து பார்த்து, ஒரு கோளாறும் இல்லை என்று உதட்டைப் பிதுக்கினார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வேலையை நிறுத்தியவரை மறுநாள் காலைக் கூட்டத்தில் முன்னால் நிறுத்தி எல்லாரும் கைதட்ட வேண்டும். சூப்பர்வைசர் கண்டுபிடித்த வேடிக்கை. தான் யாரையும் திட்டுவதில்லை என்ற பெருமை வேறு அவருக்கு. அன்று அவள் கூனிக் குறுகி நின்றாள். தட்டியவர்களுக்கு அவள்மேல் ஒரு கோபமும் கிடையாது. தட்டாவிட்டால் அந்தக் கேலி தங்கள் பக்கம் திரும்பிவிடுமே என்ற பயம்தான்.

அதன்பிறகு தான் உண்டு தன் வேலை உண்டு என்று இருந்தாள். நாத்தனாரையும் அவள்தான் அங்கே சேர்த்துவிட்டாள். புருஷனின் தங்கை, இவள் ஊட்டி வளர்த்த பெண். பக்கத்து இயந்திரத்தில் வேலை.

போன மாதம் ஒரு மதியம், நாத்தனாரின் இயந்திரத்தில் கத்தி தானாகவே ஒருமுறை இறங்கி ஏறியது. அட்டை எடுக்கக் குனிந்திருந்த நாத்தனார் கவனிக்கவில்லை. இவள் பார்த்துவிட்டாள். கை பட்டன் வரைக்கும் போனது.

“என்ன பிரேக்கு, மறுபடியுமா?” என்றார் பின்னாலேயே நின்றிருந்த சூப்பர்வைசர். நாலு பேர் சிரித்தார்கள்.

கை இறங்கிவிட்டது. அந்த இரைச்சலில் கூப்பிட்டாலும் கேட்காது; டீ இடைவேளையில் காதோடு சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அதற்குள் கத்தி மறுபடி இறங்கியது. நாத்தனாருக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின.

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து, பயம் தெளிய மூச்சை இழுத்துவிடச் சொல்லிக்கொடுத்தார். “மனசுல இருக்கிறத பயப்படாம சொல்லுங்க. நாமெல்லாம் ஒரே குடும்பம்” என்றார். சூப்பர்வைசர் அவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். எல்லாரும் மூச்சை மட்டும் இழுத்துவிட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வாயை அடைத்தவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பேசு என்றால் எவள் பேசுவாள்?

நாத்தனாருக்கு இப்போது அவள்தான் தலை வாரிவிடுகிறாள். ஒருநாள் பின்னிக்கொண்டிருக்கும்போது நாத்தனார் கேட்டாள்.

“அண்ணி, நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. அந்த மெஷின் அதுக்கு முன்னாடி ஏதாச்சும் கோளாறு பண்ணுச்சா?”

“இல்லம்மா. நான் ஒண்ணும் பாக்கல.”

“அதானே. பாத்திருந்தா நீங்க சும்மா இருப்பீங்களா?” என்றாள் நாத்தனார்.