செல்வி அக்கா கேட்ட வழி

செல்வி அக்கா இறந்துவிட்டார்.

காலையில் திருவொற்றியூர் ஸ்டாண்டில் இன்னொரு ஆட்டோ டிரைவர் சொன்னார். நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். ஐம்பது வயதுகூட இருக்காது...

ஆபீசுக்குப் போகவில்லை. ரூமுக்குத் திரும்பி வந்து இதை டைப் செய்துகொண்டிருக்கிறேன்.

இந்தக் குரூப்பில் இருப்பவர்களில் பலருக்கு அவரைத் தெரியாது. திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டியவர். கணவர் காசிமேட்டிலிருந்து லாஞ்சில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவர்.

தருமபுரியிலிருந்து வந்து எண்ணூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், நான் ஏறியது அவர் வண்டியில்தான். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் வீடு உயரத்துக்கு கன்டெய்னர் லாரிகள். துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு "ஊருக்குப் புச்சா?" என்று மட்டும் கேட்டார்.

இறங்கும்போது, சாயங்காலம் இங்கேயே நில், நானே வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்றார். வந்தார். அப்புறம் தினமும் அவர் வண்டிதான்.

ஒரு ஜனவரி மாதக் காலை. வண்டி ஃபுல். கம்பெனி கேட் பக்கம் திரும்ப வேண்டியவர் நேராக முகத்துவாரத்துக்கு விட்டார். எங்கே போகிறீர்கள் என்று எல்லோரும் சத்தம் போட்டோம். இறங்குங்க, பார்த்துவிட்டுப் போகலாம் என்றார்.

இறங்கினோம்.

சாம்பல் நிறத் தண்ணீர். பின்னால் பவர் பிளான்ட்டின் புகைபோக்கிகள். நடுவில்... நூற்றுக்கணக்கில் பூநாரைகள். ஒன்று எழும்பியது, பிறகு மொத்தமும் எழும்பியது. இறக்கைக்கு அடியில் அப்படி ஒரு சிவப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

எங்களோடு வந்த ஃபிட்டர் அண்ணன் போனை எடுத்தார், போட்டோ எடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"நேத்து சவாரி வந்தப்போ பாத்தேன்," என்றார் அக்கா. "தனியா பாத்துட்டுப் போவ மன்சு வர்ல."

அன்று எல்லோருக்கும் ஆபீசில் திட்டு. எங்கள் சூப்பர்வைசர் திட்டி முடித்துவிட்டு, எந்த இடம் என்று விசாரித்தார்.

இன்னொரு நாள். அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்... பாதிப் பேர் நம்பவில்லை.

மழை விட்ட மறுநாள், மதியம். எனக்கு உடம்பு சரியில்லாமல் சீக்கிரம் கிளம்பியிருந்தேன். எர்ணாவூரில் ஒரு பெண் கையில் குழந்தையோடு ஓடிவந்து வண்டியை மறித்தாள். ஆறேழு வயசு மகள். வீட்டுக்குள் புகுந்த பாம்பு காலில் கடித்துவிட்டது. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. ஏற்றிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு விட்டார்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். முன்னால் லாரி. பக்கத்தில் லாரி. ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர்கள், ரோட்டை அடைத்து கண்ணுக்கெட்டிய வரை. ஆம்புலன்சுக்கு போன் போட்டால் அதுவும் இதே நெரிசலில் மாட்டியிருந்தது.

குழந்தையின் கால் என் மடியில். கண் சொருக ஆரம்பித்திருந்தது. அம்மாக்காரி அழக்கூட இல்லை, பேரைச் சொல்லிச் சொல்லி எழுப்பிக்கொண்டே இருந்தாள்.

அக்கா இறங்கினார். அன்றைக்கும் வண்டியில் இருந்த ஃபிட்டர் அண்ணனிடம் ஹேண்டிலைக் கொடுத்து, பின்னாலேயே வா என்றார். நடந்தார். ஒவ்வொரு லாரியின் கதவையும் கையால் தட்டினார்.

"கொயந்தைய பாம்பு கட்ச்சிட்ச்சி நைனா. கொஞ்சம் ஒதுக்கு, போதும்."

தெலுங்குக்காரருக்கும் அதேதான், இந்திக்காரருக்கும் அதேதான். புரியாதவர்களுக்குக் கையைப் பாம்பு மாதிரி காட்டி, எங்கள் ஆட்டோவைக் காட்டினார். தூங்கிக்கொண்டிருந்த ஒருவரின் கேபினில் ஏறி ஹாரனை அடித்தார்.

லாரிகள் அசைந்தன. ஒன்று முன்னால், ஒன்று ஓரமாக... அந்த இரும்புச் சுவர் எங்களுக்கு மட்டும் திறந்துகொண்டே போனது.

ஓர் இடத்தில் பிரேக்டவுன் ஆன லாரி. நகரவே நகராது. அக்கா ஒரு நிமிஷம் நின்றார். ரோட்டின் நடுவே இருந்த தடுப்புச் சுவரைப் பார்த்தார், பின்னாலேயே நடந்து வந்திருந்த டிரைவர்களைப் பார்த்தார்.

"தூக்கிடலாமா?"

எத்தனை பேர் என்று தெரியாது. எந்தெந்த ஊர்க்காரர்களோ. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, அம்மாவும் குழந்தையும் நானும் உள்ளே இருக்க, ஆட்டோவை அப்படியே தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். நான் அந்தரத்தில் இருந்தேன்... சென்னையில், நட்ட நடு ரோட்டில். வெளியே இந்தியில் யாரோ சாமி பேரைச் சொன்னார்கள்.

அந்தப் பக்கம் ரோடு காலி. அக்கா ஓடிவந்து ஏறி உட்கார்ந்தார்.

குழந்தை பிழைத்துவிட்டது. ஊசி போட்ட டாக்டர், இன்னும் கொஞ்சம் லேட் ஆகியிருந்தால் கஷ்டம் என்றார். அக்கா ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து, வீங்கிப் போன உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். லாரிக் கதவுகளைத் தட்டித் தட்டி வந்த வீக்கம்.

எப்படிக்கா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"நான் இன்னா பண்ணேன்... வயி கேட்டேன், வுட்டாங்கோ."

போகலாமா, உனக்கு ஜுரமாயிற்றே என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

கடைசியாகப் பார்த்தது போன வெள்ளிக்கிழமை. மகளுக்குக் காலேஜில் சீட் கிடைத்துவிட்டது என்று சிக்னலில் நிற்கும்போது திரும்பிச் சொன்னார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் கண்டுகொள்ளவே இல்லை, சொல்லி முடித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

கணவர் கடலில் இருந்தாராம். தகவல் போய்விட்டது, லாஞ்சு திரும்பிக்கொண்டிருக்கிறது. அவர் வந்த பிறகுதான் எடுப்பார்கள். அந்த ரூட்டில் வந்து போனவர்கள் இதைப் பார்த்தால் கிளம்பி வாருங்கள். எர்ணாவூர் போர்டு குடியிருப்பு, தண்ணி டேங்குக்குப் பின்னால்.

வீட்டில் அக்காவின் மகள் தனியாக இருக்கிறாள். நான் கிளம்புகிறேன்.

வந்துவிடுகிறேன், அக்கா...